காணாமல் போன காற்றுப்பைகள்

இருட்டறையில் உட்கார்ந்து சாம்பல் நிறத்தை உற்றுப் பார்ப்பதுதான் என் தொழில். நாமக்கல்லில் இருபது வருடங்களுக்கும் மேலாக ஸ்கேன் டாக்டராக இதையே செய்துவருகிறேன். வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பெற்றவளுக்கு முன்னால் பார்த்துவிடுகிறவள் என்பதால் ஊரில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. அந்த மரியாதைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், என்றைக்காவது ஒருநாள் நான் கண் ஜாடையிலாவது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சொல்லக் கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் போர்டு மாட்டியிருக்கிறேன். அதன் கீழேயே உட்கார்ந்து, அதை வாய்விட்டுப் படித்து முடித்துவிட்டு, பிறகு கேட்பார்கள்.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு கோழிப்பண்ணைக்காரர் இருந்தார். சேந்தமங்கலம் ரோட்டில் முட்டைக்கோழிப் பண்ணை. காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கும் எங்கள் ஏழெட்டுப் பேர் கூட்டத்தில் அவரும் உண்டு. மற்றவர்களெல்லாம் சர்க்கரை நோய்க்காக நடந்தோம். அவர் பேசுவதற்காக நடந்தார். உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும், அது கோழியில் தொடங்கி மனிதனில் முடியும். பண்ணையில் கோழி செத்தால் கால்நடை டாக்டருக்கெல்லாம் சொல்லி அனுப்பமாட்டார். கத்தரிக்கோலை எடுத்து அவரே அறுத்துப் பார்த்து நோயைச் சொல்லிவிடுவார். "தெனம் நாலு கோழிய அறுத்துப் பாக்கறவனுங்க நானு. உள்ள என்ன இருக்குதுன்னு உங்களவிட எனக்குத்தான் எச்சாத் தெரியும்" என்பார். நான் திரையில் நிழல் பார்க்கிறவள், அவர் நேரில் பார்க்கிறவர் என்று அர்த்தம். ஒருவகையில் உண்மைதான்.

அவருக்கு ஒரே மகன். அந்த மகன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். மருமகள் ராசிபுரத்துப் பெண், பிள்ளைகளை விடுதியில் போட்டு மார்க்குக்காகப் பிழியும் பள்ளிகளில் ஒன்றில் வேதியியல் டீச்சர். அதிகம் பேசாத பெண். அந்த வீட்டில் அவள் பேசுவதற்கு இடைவெளி கிடைப்பதும் சிரமம்.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அவள் வந்தபோது குடும்பமே வந்தது. மற்றவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளை மட்டும் படுக்க வைத்தேன். தலை, முதுகெலும்பு எல்லாம் சரியாக இருந்தது. நெஞ்சுக்கு வந்தபோது இதயம் இருக்கவேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நின்றது. யாரோ இடப்பக்கத்திலிருந்து தோளால் இடித்துத் தள்ளியதுபோல. தள்ளியது யார் என்று தேடினேன். இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி மட்டும் மற்ற இடங்களைவிட வெளுத்துக் கிடந்தது. அந்த வெளுப்புக்குள் கருப்பாக நாலைந்து சின்னக் குமிழிகள்.

இப்படித் தெரிந்தால் நாங்கள் சிலவற்றைச் சரிபார்ப்போம். குடல் மேலே ஏறி நெஞ்சுக்குள் வந்துவிட்டதா? இல்லை, இரைப்பை அதன் இடத்திலேயே இருந்தது. அந்தப் பகுதிக்கு மட்டும் பெரிய ரத்தக்குழாயிலிருந்து தனியாக ஒரு கிளை போகிறதா? ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் முறையைப் போட்டுப் பார்த்தேன், அப்படி எதுவும் இல்லை. அப்படியானால் இது பிறவியிலேயே நுரையீரலின் ஒரு பகுதி தவறாக உருவாகி, பை பையாக நிற்கும் கோளாறு. புத்தகத்தில் பலமுறை படித்தது. எங்கள் மாதிரி ஊரில் எப்போதாவதுதான் கண்ணில் படும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்னொரு முறை அளந்தேன். பிறகு இன்னொரு முறை. மூன்றாவது தடவை அளந்தது அவசியத்துக்காக அல்ல, ஆசைக்காக. இதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

"ஏனுங் டாக்டர், பேச்சையே நிறுத்திப் போட்டீங்க?" என்றாள் படுத்திருந்தவள்.

குடும்பத்தை உள்ளே கூப்பிட்டு, "ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். பண்ணைக்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தி, "சொல்லுங்க டாக்டரம்மா. நம்ம அஞ்சு பேரத் தாண்டி வெளிய போவாது. பையன்தானுங்களே?" என்றார்.

"அது இல்லீங்கண்ணா" என்று விஷயத்தைச் சொன்னேன். குழந்தையின் இடது நுரையீரலில் கீழ்ப்பகுதி சரியாக உருவாகவில்லை, சின்னச் சின்னப் பைகளாக இருக்கிறது, அளவு சின்னதுதான், இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானவை நன்றாகவே பிறக்கின்றன, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு வரலாம், பிறந்ததும் ஒரு எக்ஸ்ரே, சில மாதம் கழித்து ஒரு சி.டி. ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றேன்.

அவர் முகத்தில் பயமில்லை. ஏமாற்றம்தான் இருந்தது. சற்று நேரத்தில் அதுவும் போய், பழைய தெம்பு வந்துவிட்டது.

"காத்துப்பை தானுங்களே? கோழிக்கெல்லாம் ஒம்பது காத்துப்பை இருக்குதுங்க. நெஞ்சுல, வயித்துல, எலும்புக்குள்ளார வரைக்கும் போவுது. அது என்ன மூச்சுமுட்டியா சாவுது?"

"கோழிக்கு அது இருக்கணுமுங்கண்ணா. மனுசருக்கு இருக்கக்கூடாது."

"அங்கதான் நீங்க தப்புப் பண்றீங்க. கோழிக்கே அத்தன நல்லதுன்னா, மனுசனுக்கு இருந்தா இன்னும் நல்லா மூச்சு உடமாட்டானுங்களா?"

இதற்குப் பதில் எந்த மருத்துவக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. அவருடைய மனைவி அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார். மகன் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்து, என்ன உணர்ச்சி கொள்ளவேண்டும் என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தார். மருமகள் மட்டும்தான் குழந்தையைப் பற்றிக் கேட்டாள். "அதுக்கு இப்ப வலிக்குதுங்களா டாக்டர்?"

"இல்லம்மா. உள்ள இருக்கறவரைக்கும் நுரையீரலுக்கு வேலையே இல்ல. எல்லாம் உங்க ரத்தத்துலதான் போவுது."

"அதுக்குப் பேரு என்னன்னு எழுதிக் குடுங்க" என்றாள். நீளமான பெயர். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த சில வாரங்களில் அந்தப் பைகள் கொஞ்சம் வளர்ந்தன, பிறகு நின்றுவிட்டன. வீட்டில் நடந்த ஆராய்ச்சிகள் நிற்கவில்லை. குமிழி என்றால் குளிர்ச்சி, ஆகவே மோரும் வெள்ளரிக்காயும் நிறுத்தப்பட்டன. கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு வைத்தியர் பொடி கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "பதினெட்டு மூலிகைங்க" என்று எண்ணிக்கையை மட்டும் சொன்னார்கள். சாப்பிடவேண்டாம் என்றேன். சாப்பிடவில்லை என்றார்கள். மாமியார் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார். பள்ளியின் ஆய்வகத்தில் மருமகள் ஆசிட் புகையை முகர்ந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவாயிற்று. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நான் இரண்டு முறை சொன்னேன். பேறுகாலம் வரை வேலைக்குப் போகலாம் என்றிருந்தவளை வேலையை விட வைத்தார்கள். பையன்களுக்குச் சேர்மங்களைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள், வீட்டில் உட்கார்ந்து மாமனார் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டாம் மாதம் தாண்டி ஒரு ஸ்கேன். அன்றைக்கு அரைமணி நேரம் தேடினேன். பைகளைக் காணோம். இதயமும் நகர்ந்து தன் இடத்துக்கே வந்திருந்தது. இதில் அதிசயம் எதுவுமில்லை. கடைசி மாதங்களில் நல்ல நுரையீரலும் வெளுத்துக்கொண்டே வரும். கெட்ட பகுதியும் வெளுப்பு, அக்கம்பக்கமும் வெளுப்பு என்றானபிறகு எங்கே கோடு கிழிப்பது? எங்கள் மெஷினுக்குத்தான் கண் மங்கிப்போகிறது. பிறந்தபிறகு சி.டி. எடுத்துப் பார்த்தால் பல குழந்தைகளுக்கு அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதையெல்லாம் விளக்குவதற்கு முன்னால் நான் ஒரு பிசகு செய்தேன். "இப்ப எதுவும் தெரியவில்லை" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர்கள் அந்தத் 'தெரியவில்லை'யின் முன்பாதியை என் அறையிலேயே போட்டுவிட்டு, 'இல்லை'யை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பின்னால் நான் சொன்ன விளக்கமெல்லாம் காலி நாற்காலிகளுக்குச் சொன்ன மாதிரிதான்.

எதற்கும் இருக்கட்டும் என்று சேலத்தில் இன்னொரு இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். 'இரு நுரையீரல்களும் இயல்பாக உள்ளன' என்று ரிப்போர்ட் வந்தது. அந்த வரி எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் அது முன்கூட்டியே அடித்து வைக்கப்பட்டிருக்கும். கோளாறு இருந்தால் டாக்டர் அதை அழிக்கவேண்டும், இல்லாவிட்டால் அதுவே தன்பாட்டில் அச்சாகி வெளியே வந்துவிடும். எங்கள் அறையிலும் அதே வரி இருக்கிறது என்பதால் நான் அதிகமாகச் சிரிக்கமுடியாது.

அப்புறம் தொடங்கியது பெயர் வாங்கும் போட்டி. பைகளைக் கரைத்தது பொடிதான் என்று வைத்தியர் சொல்லியனுப்பினார். அப்போதுதான் பொடி உள்ளே போய்க்கொண்டிருந்த விஷயமே எனக்குத் தெரிந்தது. மாமியார் வேண்டுதலைச் சொன்னார். மகன், சேலத்து மெஷின் புது மாடல் என்றார். பண்ணைக்காரர் மட்டும் யாருக்கும் பங்கு தரவில்லை. பை இருந்ததே கிடையாது என்பது அவருடைய கட்சி.

"நம்ம டாக்டரம்மா பாவம், மெஷின்ல ஏதோ தூசி இருந்துருக்குது. அதப் பாத்துட்டு நெஞ்சுல பைன்னு பூச்சாண்டி காட்டிப் போட்டாங்க" என்று மைதானத்தில் சொல்லிச் சிரித்தார். நான் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே சொன்னார். அதில் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ரிட்டயரான தாசில்தார் ஒருவர் தன் முழங்கால் எக்ஸ்ரேயை என்னிடம் நீட்டி, "இதுல பை கிய் ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாளிலிருந்து அரைமணி முன்னதாகவே நடக்கப் போனேன்.

குழந்தை பிறந்தது. பெண். பண்ணைக்காரர் "மகாலட்சுமி வந்துருக்குது" என்றார், 'பரவாயில்லை' என்பதற்கு உரிய குரலில். குழந்தை அழுதது, பால் குடித்தது, மூச்சு ஒழுங்காக இருந்தது. குழந்தைகள் டாக்டர் என்னுடைய பழைய ரிப்போர்ட்டைப் படித்தவர் என்பதால் இரண்டாம் நாள் எக்ஸ்ரே எழுதினார். டெக்னீசியன் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய் எடுத்து வந்த படத்தில், இடது நெஞ்சின் கீழ்ப்பகுதியில், நான் எந்த இடத்தைப் பார்க்கவேண்டுமோ மிகச்சரியாக அதே இடத்தில், ஒரு ஊக்கும் ஒரு தாயத்தும் பளபளவென்று தெரிந்தன. துணிக்குள் குத்திவைத்திருந்தார்கள். வைத்தியர் கொடுத்தது. கழற்றச் சொன்னதற்கு மாமியார், "அதக் கழட்டுனா பை வந்துருமுங்களே" என்றார்.

"பை இருந்ததே இல்லன்னு அண்ணன் சொல்றாருங்களே" என்றேன்.

"அவரு சொல்லுவாரு. நீங்க ஊக்க மட்டும் தள்ளி எடுத்துக்குங்க."

ஊக்கு, தாயத்தோடு சேர்த்துக் கழற்றப்பட்டது. இரண்டாவது படத்தில் நுரையீரல் இரண்டும் சுத்தமாக இருந்தன. எக்ஸ்ரேயில் சின்னப் பைகள் தெரியாமல் போவது சாதாரணம். அதனால் ரிப்போர்ட்டில், 'இரு நுரையீரல்களும் தெளிவாக உள்ளன' என்ற முதல் வரிக்கு அடியிலேயே, 'கோளாறு இல்லை என்று இதைக் கொண்டு சொல்லமுடியாது, நான்கைந்து மாதத்தில் சி.டி. தேவை' என்று எழுதினேன். பண்ணைக்காரர் முதல் வரியைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டார். ஊக்குப் படத்தையும் சேர்த்துத்தான் போட்டார். 'ஸ்கேன் சென்டர் கண்டுபிடித்த கட்டி' என்று அதன் கீழே எழுதியிருந்தார். என் தங்கை அந்த குரூப்பில் இருக்கும் ஒரு பெண்ணோடு வேலை பார்க்கிறாள், அதனால் எனக்கும் வந்து சேர்ந்தது.

அடுத்த மாதங்களில் நான் எப்படி இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் முகம் சுளிக்கத் தோன்றுகிறது. தெருவில் மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் என் கண் குழந்தையின் முகத்துக்குப் போகாது, நெஞ்சுக்குப் போகும். விலா உள்ளே வாங்குகிறதா? மூச்சு வேகமா? பேச்சுக்கு நடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுவேன். நாற்பது. நிமிஷத்துக்கு அழகான, ஒழுங்கான நாற்பது. குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்தது. எனக்கு அதில் நிம்மதி வரவேண்டும். எரிச்சல்தான் வந்தது.

குழந்தைகள் டாக்டரிடம் இதைப் புலம்பினேன். அவர் வயதில் இளையவர், கொஞ்சம் வாய்த்துடுக்கு உள்ளவர். "மேடம், அவங்களுக்கு அந்தப் பை வேண்டாம். உங்களுக்குத்தான் வேணும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் அவரோடு வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

நான்காம் மாதம் முடியும்போது மருமகள் குழந்தையோடு என் அறைக்கு வந்தாள். தடுப்பூசிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். புருஷன் கூட வந்திருந்தார். நான் எழுதிக்கொடுத்த தாள் அவள் கையில் இருந்தது. அந்தப் பெயரை வைத்துத் தேடி, கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறாள். பையில் கிருமி புகுந்து சீழ் பிடிக்கலாம், காற்று நெஞ்சுக்குள் கசிந்துவிடலாம், பல குழந்தைகளுக்கு ஒன்றுமே ஆகாமலும் போகலாம் என்று வகுப்பில் பாடம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"உங்களுக்கு நிச்சயமா, சந்தேகமாங்க?"

"சந்தேகந்தான். ஆனா பலமான சந்தேகம்."

"அப்படீன்னா பாத்துரலாமுங்க. தெரியாம இருக்கறதுதான் நெம்ப வெசனமா இருக்குது."

புருஷன் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "அப்பாகிட்ட இப்பத்திக்குச் சொல்லிப்போடாதீங்க டாக்டர்" என்று கெஞ்சினார். முப்பது வயது. பட்டறையில் பத்துப் பதினைந்து பேர் இவர் சொன்னால் லாரியைக் கூறுகூறாகப் பிரித்துப் போடுவார்கள்.

இந்த வயதுக் குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படுவதில்லை. ஒரு வேளைப் பாலைத் தள்ளிப்போட்டு, படம் தெளிவாக விழுவதற்கான மருந்தை ஏற்றக் கையில் ஊசி போட்டு வைத்துக்கொண்டு, அப்புறம் வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கச் சுற்றிப் படுக்கவைத்தால் தூங்கிவிடும். படம் எடுக்க ஆகும் நேரம் சில விநாடிகள்தான். அவள் பால் கொடுத்து, சுற்றி, மெஷினில் கிடத்தினாள். அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நானும் டெக்னீசியனும் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் வந்தோம். மருந்து ஏறியது, பலகை உள்ளே போனது, திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் இறங்கத் தொடங்கின.

கழுத்து. மேல் நுரையீரல். இதயம். அப்புறம் இடது கீழ்ப்பகுதியில், அங்கேயே, நான் சொன்ன அதே இடத்திலேயே, கொத்தாகப் பைகள். பெரியது ஒரு நிலக்கடலை அளவு. மற்றவை பாசிப்பயறு அளவில்.

"பாத்தியா!" என்று டெக்னீசியனின் தோளில் தட்டினேன். கையைத் தட்டினேன் என்றுகூட அவர் பின்னால் சொன்னார். எனக்கு ஞாபகமில்லை, ஆனால் செய்திருப்பேன். மைதானமும் தாசில்தாரின் முழங்காலும் ஊக்குப் படமும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. தூசியாமே, தூசி!

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். அவள் எதிரில் நின்றிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா."

திறந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு, குற்றம் சொல்லும் குரலில் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள். "உங்களுக்குச் சந்தோசமுங்களா டாக்டர்?"

அதற்கு ஏற்ற பதில்களைப் பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். நோய் இருப்பதில் சந்தோஷமில்லை, காலத்தில் கண்டுபிடித்ததில் சந்தோஷம் என்பது அதில் ஒன்று. கூட்டத்தில் பேசுவதற்கு நன்றாக இருக்கும். அன்றைக்கு எதுவும் வரவில்லை. அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு மாதமாக ஒரு பச்சைக் குழந்தையின் நெஞ்சில் கோளாறு இருக்கவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பண்ணைக்காரர் தன் வார்த்தை தோற்கக்கூடாது என்பதற்காகப் பை இல்லை என்றார். நானும் அதே காரணத்துக்காகத்தான் பை இருக்கிறது என்றேன். எனக்குப் படிப்பும் மெஷினும் துணைக்கு இருந்தன, அவ்வளவுதான்.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன். அவள் குழந்தையை எடுக்க உள்ளே போனாள்.

கோயம்புத்தூரில் ஒரு குழந்தைகள் அறுவை நிபுணரிடம் அனுப்பினோம். அந்தப் பகுதியை ஆறாம் மாதம் வாக்கில் எடுத்துவிடலாம், எடுத்தால் மீதி நுரையீரல் வளர்ந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும், எடுக்காமல் கவனித்துக்கொண்டும் இருக்கலாம், ஆனால் கிருமி புகுந்தபின் எடுப்பது கடினம் என்று அவர் இரண்டு பக்கத்தையும் சொல்லியிருக்கிறார். இனி பண்ணைக்காரருக்குத் தெரியாமல் வைத்திருக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் பேச்சுவார்த்தை. என்னையும் குழந்தைகள் டாக்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். முறுக்கும் காப்பியும் வந்தன.

நான் படங்களைக் காட்டினேன். பண்ணைக்காரர் வெகுநேரம் பார்த்தார். தூசி என்று சொல்லவில்லை. "சரி, இருக்குதுன்னே வெச்சுக்குவோமுங்க. இப்ப நல்லாத்தான இருக்குது. எதுக்குப் போய் அறுக்கறது?" என்றார். இது நியாயமான கேள்விதான், டாக்டர்களே இதில் இரண்டு கட்சி. குழந்தைகள் டாக்டர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் மாமியார் புகுந்தார்.

"பொட்டப்புள்ளைங்க. மார்ல தழும்போட இருந்தா நாளைக்கு ஆருங்க கட்டுவாங்க?"

"அக்குளுக்குக் கீழ சின்னச் சின்னதா மூணு ஓட்டைதானுங்க. தெரியவே தெரியாது" என்றார் டாக்டர்.

பண்ணைக்காரர் கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினார். நியாயம் சொல்கிற தோரணையில், "நான் ஒளிவுமறைவில்லாமச் சொல்றனுங்க. பையனா இருந்தா யோசிக்கவே வேண்டாம், நாளைக்கே பண்ணிப்போடலாம். இது பொட்டப்புள்ளையாப் போச்சுதே, அதான் ரோசனையா இருக்குது" என்றார்.

சொன்னதில் தவறு இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை. கோழிக்குத் தீவனம் பிரிப்பதுபோலச் சொன்னார். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். பேசத்தான் வாயெடுத்தேன். அதற்குள் சமையலறைக் கதவருகே குழந்தையோடு நின்றிருந்த மருமகள் பேசினாள்.

"அப்ப பையன்னே நெனச்சுக்குங்க மாமா."

"அம்மணி, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

"திங்கக்கெழம கோயமுத்தூர் போறமுங்க. நாள் குறிச்சாச்சு. நீங்க வாரதுன்னா கார்ல எடம் இருக்குது. இல்லீன்னா நாங்க ரெண்டு பேரும் போய்க்கறோம்."

எல்லாரும் மகனைப் பார்த்தோம். அவர் வழக்கம்போலத் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்து, "போறமுங்கப்பா" என்றார். அவர் வாழ்க்கையில் பேசிய மிக நீளமான எதிர்ப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பண்ணைக்காரரும் காரில் ஏறினார். முன் சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே போனாராம். மகனுக்கு அந்த வழி மனப்பாடம்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. எடுத்த பகுதியைக் குடும்பத்தில் ஒருவருக்குக் காட்டுவது அங்கே வழக்கம். "நானே பாக்கறனுங்க, எனக்குப் பழக்கந்தான்" என்று பண்ணைக்காரர் முன்னால் போயிருக்கிறார். தட்டில் இருந்தது அவர் உள்ளங்கையில் அடங்கிவிடும் சின்னத் துண்டு. ஒரு நிமிஷம் பார்த்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். அத்தோடு கோழி அறுப்பதையே விட்டுவிட்டார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. அடுத்த வாரமே பண்ணையில் உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தார்.

குழந்தை ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தது. கொஞ்ச நாளில் ஊர்க்கதையும் ஒழுங்காகிவிட்டது. அந்த மூலிகைப் பொடிதான் சிதறிக்கிடந்த பைகளையெல்லாம் ஓட்டி ஒரே மூலையில் சேர்த்து, அறுப்பவருக்கு வேலையைச் சுலபமாக்கியது என்று வைத்தியர் விளக்கினார். மாமியார் வேண்டுதலை இரண்டாகக் கணக்கு வைத்து, காணாமல் போனதற்கு ஒன்று, கிடைத்ததற்கு ஒன்று என்று இரண்டு பொங்கல் வைத்தார். நான் மறுபடி அந்தக் கூட்டத்தோடு நடக்கத் தொடங்கியிருந்தேன். மைதானத்தில் பண்ணைக்காரர் தாசில்தாரிடம், "நாந்தானுங்க சொன்னேன், எதா இருந்தாலும் சி.டி. எடுத்துப் பாத்துரோணும்னு. நம்ம டாக்டரம்மாவே சாட்சி" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமாங்க" என்றேன். உண்மையைச் சொல்வதற்கு அந்த இடத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் யாரும் இல்லை. ஆனால் எனக்கு அன்று அதில் ஆசையில்லாமல் போயிருந்தது.

இப்போதெல்லாம் கடைசி மாதத்தில் இந்தமாதிரிப் பைகள் மறைந்தால், 'தெரியவில்லை' என்று ஆரம்பிப்பதில்லை. "இருக்குது, ஆனா இப்ப மெஷினுக்குத் தெரியல" என்று தலைகீழாகச் சொல்கிறேன். 'இருக்குது' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அழுகிறார்கள். இன்னும் சரியான வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் குழந்தைக்கு மூன்று வயது ஆனபோது, சரிபார்ப்புக்காக ஒரு எக்ஸ்ரேக்குக் கூட்டி வந்தாள் அவள் அம்மா. வேறொரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கைவிரலில் ஆய்வகத்துக் கறை இருந்தது. குழந்தையைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினோம். நெஞ்சு பட்டதும் "சில்லுங்குது" என்று பின்வாங்கியது. அம்மா ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, "மூச்ச இழுத்துப் புடி சாமி" என்றாள். குழந்தை கன்னம் இரண்டையும் பலூன் மாதிரி உப்பவைத்தது. நெஞ்சில் ஒரு சொட்டுக் காற்றும் போகவில்லை. டெக்னீசியன் சிரித்தார். அது சிரித்தது. படம் கலங்கிப்போனது.

இரண்டாவது முறை ஒழுங்காக வந்தது. மேல்பகுதி கீழிறங்கி வளர்ந்து காலி இடத்தை நிரப்பியிருந்தது. இதயம் அதன் இடத்தில் இருந்தது. "எல்லாம் நல்லாயிருக்குது" என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். சந்தோஷமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தமுறை சொல்லியிருப்பேன்.

குழந்தை என் நாற்காலியில் ஏறி, திரையைக் காட்டி, இது யார் என்று கேட்டது. "நீதான் கண்ணு" என்றாள் அம்மா. அது கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தது. "இல்ல. இதுக்கு ஜடை இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடிவிட்டது.